திண்ணையில் படுத்திருப்பவரின் பெயரில் வந்த பணம்: அரசுக் கணக்கைக் கேட்டுப் பெறப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டில் எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளுள் ஒன்றின் வெளித்திண்ணையில் ஓர் அம்மா ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் குடியிருந்தார். சிமெண்டுச் சாக்கு ஒன்று, அதற்குள் மடித்து மடித்து வைத்த பழைய செய்தித்தாள்கள், மூடியில்லாத ஓர் எவர்சில்வர் தூக்குவாளி. இவையே அவருடைய உடைமை. வீட்டுக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை முன்னோர் வழிபாடாகிய படைப்புக்காக வந்து கதவைத் திறக்கும்போது, யாரும் சொல்லாமலே எதிர்வீட்டுத் திண்ணைக்கு மாறிக்கொள்வார்; அவர்கள் புறப்பட்ட அன்று மாலையே திரும்பிவிடுவார். தெருவில் உள்ளவர்கள் சோறு கொடுத்தார்கள், பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் இப்படிப்பட்டவர்களுக்கென்று அரசு தனியாகப் பணம் ஒதுக்குகிறது என்பதும், அது எங்கே போயிற்று என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதும் எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரிந்திருக்கவில்லை.

முதியோர் ஓய்வூதியம் ஒரு மாதம் தவறினால் மறுவாரமே தாலுகா அலுவலகத்து வாசலில் ஆள் நிற்கும். ரேஷனில் பருப்பு இல்லையென்றால் கடைக்காரர் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. வீடற்றவருக்கும், மனநலம் பாதித்துத் தெருவில் திரிபவருக்கும் அவ்வாறு போய் நிற்க ஆளில்லை. குடும்ப அட்டை இல்லை, பெரும்பாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை, தமக்கு என்ன வரவேண்டும் என்பதே தெரியாது. பயனாளி வாய்திறந்து முறையிட முடியாத திட்டத்தில் கணக்கு ஒன்றுதான் சாட்சி. இரங்கூனிலும் பினாங்கிலும் நடந்த கடைகளின் இருப்புநிலைக் கணக்காகிய ஐந்தொகையை ஊரில் இருந்தபடியே வரவழைத்து, வரிக்கு வரி சரிபார்த்த மண் இது. அதே பழக்கத்தைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் வழியாக நம் மாநகராட்சியின் மீதும் மருத்துவமனையின் மீதும் எவ்வாறு திருப்புவது என்பதையே இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. சட்டப் படிப்போ கணக்கியல் பட்டமோ தேவையில்லை. ஓர் உறைக்கோப்பும், நாட்களைக் குறித்துவைக்க ஒரு நாட்காட்டியும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில், எந்தப் பணம் எந்த வாசல் வழியாக வருகிறது என்று அறிதல்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, ‘அரசு’ என்று ஒரே ஓர் ஆளை மனத்தில் வைத்துக்கொண்டு மனு எழுதுவது. இந்தப் பொருளில் குறைந்தது மூன்று வாசல்கள் உண்டு, ஒரு வாசலில் இருப்பவருக்கு அடுத்த வாசலில் நடப்பது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

முதலாவது, வீடற்றோருக்கான தங்குமிடம். இது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. இரவுக் காப்பகங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2010 இல் ஆணைகள் பிறப்பித்தது. 2013 இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்கென்றே ஒரு தனிக்கூறை வைத்து, நகர மக்கள்தொகையில் ஒவ்வோர் இலட்சத்துக்கும் குறைந்தது 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம் வேண்டும் என்றும், ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 50 சதுர அடி இடம் வேண்டும் என்றும் நெறி வகுத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காரைக்குடியின் எண்ணிக்கை 1,06,714. புதுக்கோட்டையும் ஓர் இலட்சத்தைக் கடந்த நகரம். இரண்டும் 2024 இல் மாநகராட்சிகளாகத் தரம் உயர்ந்துவிட்டன. ஆகவே ‘இது சின்ன ஊர், எங்களுக்குப் பொருந்தாது’ என்ற பதிலை இவ்விரண்டு ஊர்களிலும் ஏற்க வேண்டியதில்லை. தேவகோட்டை அந்த எண்ணிக்கையை எட்டாது; கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் ஆகியவை பேரூராட்சிகள். அங்கே கண்டெடுக்கப்படுபவர் எந்தக் காப்பகத்துக்கு அனுப்பப்படுகிறார், அந்தச் செலவை யார் ஏற்கிறார் என்பது தனிக் கேள்வி. மேற்சொன்ன இயக்கத்தின் செலவு, ஒன்றியத்துக்கு 60, மாநிலத்துக்கு 40 என்ற விகிதத்தில் பகிரப்பட்டது. அதன் காலம் 2024 இல் முடிந்துவிட்டதால், இப்போது காப்பகத்தை நடத்தும் பணம் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வருகிறது என்பதையே இன்று முதல் வினாவாக வைக்க வேண்டும்.

இரண்டாவது, சிகிச்சை. தேசிய மனநலத் திட்டம் 1982 இல் தொடங்கியது. அதன் கிளையாகிய மாவட்ட மனநலத் திட்டம் 1996 இல் வந்தது. இதற்கான பணம் பெரும்பாலும் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வழியாக மாவட்டத்துக்கு வருகிறது. மருத்துவரின் பணியிடம், சமூகப் பணியாளரின் ஊதியம், வாகன வாடகை, முகாம் செலவு என்று அது பிரியும். மாத்திரைகள் வேறு வழியில், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொள்முதல் செய்து மருத்துவமனைகளுக்கு அனுப்புவதாக வருகின்றன. இவற்றோடு, ஆதரவின்றித் திரியும் மனநோயாளிகளுக்கென அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் தமிழ்நாடு அரசு தொடங்கியபோது, முதலில் தேர்ந்த மாவட்டங்களுள் புதுக்கோட்டையும் ஒன்று.

இங்கே செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நாம் ஒரே சீமை என்று நினைக்கும் நிலப்பரப்பு, கோப்புகளின் கண்ணில் சிவகங்கை, புதுக்கோட்டை என்ற இரண்டு மாவட்டங்கள். காரைக்குடித் திண்ணையிலிருந்து மீட்கப்பட்டவர் புதுக்கோட்டையில் சேர்க்கப்பட்டால், மீட்ட காவல் நிலையத்தின் பதிவு ஒரு மாவட்டத்திலும், அவருக்கு ஊட்டிய சோற்றின் கணக்கு மற்றொரு மாவட்டத்திலும் இருக்கும். ஆகையால் மனுவும் இரண்டு.

மூன்றாவது, நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள். தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மனநலப் பராமரிப்பு இல்லங்களுக்கு மானியம் தருவது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அந்தக் கோப்பு இருக்கும். தனியார் இல்லம்தானே, நமக்கு ஏன் என்று விட்டுவிடக் கூடாது. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியது, யாரும் எட்டிப்பார்க்காத ஒரு தனியார் இல்லத்தில்தான். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தொண்டு நிறுவனமும் தகவல் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 2019 இல் தெளிவுபடுத்திவிட்டது.

அறிவிப்பு, ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவு: நான்கும் நான்கு

சட்டமன்றத்தில் ஓர் அமைச்சர் அறிவித்த தொகையும், வரவு செலவுத் திட்டத்தில் அச்சான தொகையும், மாவட்டத்துக்கு உண்மையில் வந்து சேர்ந்த தொகையும், மார்ச் 31 அன்று செலவாகி முடிந்த தொகையும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நாளிதழில் நாம் படிப்பது அநேகமாக முதல் தொகையை. நாம் தேட வேண்டியது நான்காவதை.

இதற்கு மனு எதுவும் எழுதாமலே தொடங்கலாம். தமிழ்நாடு அரசின் வரவு செலவுத் திட்ட ஆவணங்கள் இணையத்தில் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு துறைக்கும் வேண்டிய பணத்தைச் சட்டமன்றத்திடம் கேட்கும் ஆவணம் மானியக் கோரிக்கை; அதில் எண் 19 மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், எண் 34 நகராட்சி நிருவாகத்துக்கும், எண் 53 மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கும் உரியவை. உள்ளே போனால் நான்கு இலக்கத் தலைப்புகள் வரும்: 2210 என்றால் மருத்துவமும் பொதுச் சுகாதாரமும், 2217 என்றால் நகர்ப்புற வளர்ச்சி, 2235 என்றால் சமூகப் பாதுகாப்பும் நலனும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே முந்தின ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று தொகைகள் அடுத்தடுத்து நிற்கும். புதியவர் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். தமக்கு வேண்டிய வரியைக் கண்டுபிடித்து, மூன்று ஆண்டுப் புத்தகங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே வரியின் மதிப்பீட்டையும் உண்மைக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். மதிப்பீடு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டும், உண்மைக் கணக்கு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டும் இருந்தால், நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அந்தத் தாளிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று பொருள்.

தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பணத்துக்கு வேறோர் ஆவணம் உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் எந்தச் செலவினத்தில் எவ்வளவு ஒப்புதல் என்று ஒன்றிய அரசு வெளியிடும் நடவடிக்கைப் பதிவு அது. நூற்றுக்கணக்கான பக்கங்கள், படிக்கச் சலிப்பூட்டும். மனநலம் என்ற சொல்லைத் தேடி அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. செலவாகாத பணம் எல்லாம் திருடப்பட்ட பணம் அன்று. என் அனுபவத்தில் அதிகம் கண்டது திருட்டை அன்று, ‘சரண்டர்’ என்று அலுவலகங்களில் சொல்லப்படும் திருப்பி ஒப்படைப்பை. மனநல மருத்துவர் பணியிடம் ஆண்டு முழுவதும் காலியாகக் கிடக்கும். அதற்குரிய ஊதியம் மார்ச் கடைசியில் அப்படியே மேலே போய்விடும். யாரும் ஒரு காசு எடுத்திருக்க மாட்டார்கள். தணிக்கையிலும் தடை எழாது. ஆனால் அந்த ஓராண்டில் ஊசி போடாமல் போன நோயாளி எங்கே என்று அந்தக் காகிதம் சொல்லாது. எனக்கு இதுவே பெரிய முறைகேடாகத் தோன்றுகிறது.

மனு எழுதுதல்

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 4 ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் வரவு செலவு ஒதுக்கீடு, பட்டுவாடா அறிக்கை, மானியத் திட்டங்களின் தொகை ஆகியவற்றைக் கேளாமலே வெளியிட வேண்டும். வெளியிட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் 6 ஆம் பிரிவின்கீழ் மனு எழுதுக.

என் முதல் மனு எவ்வாறு வீணாயிற்று என்பதைச் சொன்னால் பயன்படும். ‘நம் ஊரில் தெருவோரம் கிடப்பவர்களுக்கு அரசு என்ன செய்கிறது? ஏன் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை? இதற்கு யார் பொறுப்பு?’ என்று ஒன்றரைப் பக்கம், கோபத்தோடு எழுதி அனுப்பினேன். அந்த அலுவலகத்திலிருந்து முப்பத்திரண்டாம் நாள் ஒரு வரிப் பதில் வந்தது: மனுதாரர் கோரியவை ‘தகவல்’ என்ற வரையறைக்குள் வரவில்லை. அன்று கொதித்துப்போனேன், இன்று நினைத்தால், நாள் தவறியதைத் தவிர அவர்கள் சொன்னதில் பிழையில்லை. சட்டம் தருவது இருக்கும் ஆவணத்தைப் பார்க்கும் உரிமையை மட்டுமே. விளக்கம் கேட்கவும், காரணம் கேட்கவும், புதிதாக ஒரு பட்டியல் தயாரித்துத் தரச் சொல்லவும் அதில் இடமில்லை. ‘ஏன்’ என்று கேட்டால் கதவு சாத்தப்படும். ‘எந்தப் பதிவேட்டில், எந்தப் பக்கத்தில்’ என்று கேட்டால் திறந்தே ஆகவேண்டும்.

இரண்டாவது மனுவைப் பழைய கணக்குப்பிள்ளை ஒருவரிடம் காட்டினேன். அவர் பேனாவை எடுத்துக் கேள்விக்குறிகளை எல்லாம் அடித்துவிட்டு, ‘தம்பி, கணக்குக் கேக்கப் போறவன் காரணம் கேக்கப்படாது. பேரேட்டைக் கேளுங்க, காரணம் தன்னால வெளிய வரும்’ என்றார். அதன்பின் எழுதிய மனுக்களில் வினாக்குறியே இருப்பதில்லை. காப்பகம் பற்றிய மனுவின் உடல் ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

‘2023-24, 2024-25 ஆகிய நிதியாண்டுகளில் தங்கள் மாநகராட்சி எல்லைக்குள் நகர்ப்புற வீடற்றோர் காப்பகம் அமைக்கவும் நடத்தவும் பெறப்பட்ட நிதி தொடர்பான அரசாணைகள் மற்றும் நிதி விடுவிப்பு ஆணைகளின் நகல், மேற்படி நிதிக்கு அனுப்பப்பட்ட பயன்பாட்டுச் சான்றிதழ்களின் நகல், காப்பகத்தை நடத்தும் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நகல், காப்பக மேலாண்மைக் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு நகல், வீடற்றோர் கணக்கெடுப்பு நடத்தப்பட்டிருப்பின் அதன் அறிக்கை நகல். மேலும், காப்பகத்தின் வருகைப் பதிவேட்டையும், இருப்புப் பதிவேட்டையும், கட்டடப் பணிக்கான அளவுப் புத்தகத்தையும் நேரில் பார்வையிட நாள் குறித்துத் தருமாறு கோருகிறேன். தங்கியவர்களின் பெயர் முதலிய அடையாள விவரங்களை மறைத்துக் காட்டினால் போதுமானது.’

அவ்வளவுதான். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்கவும் அவர்களுக்கு உரிமையில்லை. தொடர்பு முகவரி மட்டும் தர வேண்டும். கேட்ட தகவல் வேறோர் அலுவலகத்தில் இருந்தால், 6(3) ஆம் பிரிவின்படி ஐந்து நாட்களுக்குள் அவர்களே அங்கு மாற்றி அனுப்ப வேண்டும். இந்த வரியை மனுவின் அடியில் எழுதிவைப்பது நல்லது. ‘எங்கள் அலுவலகத்துக்கு உரியதன்று’ என்ற பதில் பாதியாகக் குறையும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுதிக்கொள்ள உதவுவதும், மனுவைப் பெற்றுப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலரின் கடமையே.

கட்டணம் 10 ரூபாய். நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே உள்ள முத்திரைத்தாள் விற்பனையாளரிடம் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை வாங்கி மனுவின் தலைப்பகுதியில் ஒட்டினால் முடிந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்குக் கட்டணமே இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று பின்னர் கேட்பார்கள். பதிவேடுகளை நேரில் பார்ப்பதற்கு முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. மாநில அரசின் இணையத்தளம் வழியாகவும் அனுப்பலாம். நான் இன்னும் ஒப்புகையோடு அஞ்சலில்தான் அனுப்புகிறேன். கையெழுத்திட்ட ஒப்புகை கையில் இருந்தால் மேல்முறையீட்டில் பேச்சு நீளாது.

மருத்துவமனை மனுவில் கேட்க வேண்டியவை

இந்த மனுவுக்குச் சற்று நுணுக்கம் வேண்டும், ஏனெனில் இங்கே பணம் மூன்று உருவங்களில் இருக்கிறது: ஆள், மாத்திரை, படுக்கை.

ஆளைப் பொறுத்தவரை, மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள், அவற்றுள் நிரப்பப்பட்டவை, மாதவாரியாக வழங்கிய ஊதியம் ஆகியவற்றைக் காட்டும் பதிவின் நகலைக் கேட்கவும். மருத்துவர் எந்த நாளில் எந்த ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்ற பயணத் திட்டமும், அதற்குரிய வாகனத்தின் பயணக் குறிப்பேடும் தனித்தனியே இருக்கும். இரண்டையும் கேட்டு, தேதிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்கு வாகனம் போன நாளில் அங்கே புறநோயாளிப் பதிவேட்டில் ஒரு மனநல நோயாளியும் பதிவாகவில்லை என்றால், அதை ஆசிரியர் தவறைத் திருத்துவது போலச் சிவப்பு மையில் வட்டமிட வேண்டாம்; குறித்துவைத்துக்கொண்டு அடுத்த மாதத்தையும் பார்க்கவும். ஒரு நாள் தவறலாம். ஆறு மாதமும் அவ்வாறே இருந்தால் அது தவறுதல் அன்று.

மாத்திரைக் கணக்கு எனக்குப் பிடித்தமானது. மருத்துவப் பணிகள் கழகம் 1994 இல் ஏற்பட்டபின், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு மதிப்புக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பாஸ்புத்தகம் கொடுக்கும் முறை வந்தது. வங்கிப் புத்தகம் போலவே எடுக்க எடுக்கக் கழிந்துகொண்டு வரும். வட்டிக்கடைக் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இதைப் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பதிவின் நகலோடு, ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், லித்தியம் ஆகிய மூன்று மருந்துகளுக்கு மட்டும் மருந்துக் கிடங்கின் இருப்புப் பதிவேட்டுப் பக்கங்களைக் கேட்கவும். இருப்பு என்ற கட்டத்தில் சுழியம் எத்தனை நாள் நின்றது என்று எண்ணுவதே வேலை. மனநோய்க்கான மாத்திரையை நடுவில் நிறுத்தினால் நோய் மீண்டும் வரக்கூடும். பதினைந்து நாள் சுழியம் என்பது கணக்கில் ஒரு சிறு கோடு, ஒரு வீட்டில் ஆள் காணாமற்போவதற்குப் போதுமான காலம்.

படுக்கையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எத்தனை படுக்கை, எத்தனை நோயாளி, உணவுக்கு நாளொன்றுக்குத் தலைக்கு எவ்வளவு என்ற மூன்றும் இருந்தால் போதும். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு, வீடற்றவருக்கும் ஆதரவற்றவருக்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்கும் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை முற்றிலும் இலவசம் என்கிறது. எனவே அத்தகையவரிடம் எந்தப் பெயரிலாவது வசூலித்த பற்றுச்சீட்டு இருந்தால் அது தனியாக எடுத்துவைக்க வேண்டிய காகிதம்.

காவல் நிலையத்துக்கும் ஒரு மனு உண்டு. அதே சட்டத்தின் 100 ஆம் பிரிவு, மனநலம் பாதித்துத் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் கடமையையும், அவர் வீடற்றவராயின் காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதியும் கடமையையும் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு விதிக்கிறது. குன்றக்குடிப் பங்குனி உத்திரமோ பிள்ளையார்பட்டிச் சதுர்த்தியோ முடிந்த மறுநாள், உடன் வந்தவர்கள் விட்டுவிட்டுப் போன ஒன்றிரண்டு பேராவது மண்டபத்தில் உட்கார்ந்திருப்பதை இப்பகுதியில் பார்க்காதவர் இல்லை. அந்தப் பிரிவின்கீழ் ஓராண்டில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் கேட்டால் போதும். எங்கள் தெரு அம்மாவையும் ஓர் ஐப்பசி மழைநாளில் இந்தப் பிரிவின்படிதான் அழைத்துப்போனார்கள். சாக்கை விட மறுத்தார். உடன் வந்த பெண் காவலர் சாக்கையும் தூக்கிக்கொண்டு ஆம்புலன்சில் ஏறினார்.

ஆளின் பெயர் வேண்டாம்

இதில் தயக்கமே கூடாது. நோயாளியின் பெயர், ஊர், நோயின் பெயர், புகைப்படம் எதையும் கேட்கவோ, தற்செயலாகக் கைக்கு வந்தால் வெளியிடவோ கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23, 24 ஆம் பிரிவுகள் அந்த இரகசியத்தைக் காக்கின்றன. தகவல் சட்டத்தின் 8 ஆம் பிரிவும் தனிப்பட்ட விவரங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் இந்த விலக்கைக் காட்டி முழுப் பதிவேட்டையும் மறுக்கும் வழக்கம் இருக்கிறது. அதற்கு 10 ஆம் பிரிவே மறுமொழி: மறைக்க வேண்டிய பகுதியை மறைத்துவிட்டு எஞ்சியதைத் தந்தாக வேண்டும். மாதிரி மனுவின் கடைசி வரியை நான் வைத்திருப்பது இதற்காகத்தான். காப்பகத்துக்கு நேரில் போனாலும் கைபேசியைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைப் படமெடுத்து ‘பாருங்கள் சோற்றை’ என்று பரப்புவது அவருக்குச் செய்யும் இன்னோர் அவமதிப்பு.

காகிதம் வந்தபின்

கட்டுக்கட்டாக நகல் வந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டாம். ஒரு பதிவேட்டை மற்றொரு பதிவேட்டோடு உரசிப் பார்ப்பதே முறை. கணக்கு எழுதியவர் ஒரு புத்தகத்தைச் சரியாக வைத்திருப்பார்; இரண்டு புத்தகங்களும் ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டவை என்பதை மறந்திருப்பார்.

உணவும் வழங்கும் காப்பகம் என்று வைத்துக்கொள்வோம். வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் 40 பேர். ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி என்றால் முப்பது நாளுக்கு 480 கிலோ ஆக வேண்டும். இருப்புப் பதிவேட்டில் அந்த மாதம் 200 கிலோதான் வழங்கியதாக இருந்தால், ஒன்று 40 பேர் இல்லை, அல்லது அவர்கள் அரைவயிறு சாப்பிட்டார்கள். இரண்டில் எது என்று நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும். கட்டடத்தில், ‘எம்-புக்’ என்று பொறியாளர்கள் சொல்லும் அளவுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பதடி நீளம், இருபதடி அகலம் உள்ள கூடம் 600 சதுர அடி. ஆளுக்கு 50 சதுர அடி என்ற நெறிப்படி அதில் 12 பேர் தங்கலாம். 30 பேருக்கான காப்பகம் என்று பலகை தொங்கினால் பலகைக்கும் நெறிக்கும் இடையில் 18 பேர் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்கலாம்.

பயன்பாட்டுச் சான்றிதழின் தேதியையும் கவனியுங்கள். மார்ச் 30 அன்று பணம் வந்து, மார்ச் 31 அன்று முழுதும் செலவானதாகச் சான்றிதழ் இருந்தால், அடுத்ததாக ரொக்கப் பதிவேட்டையும் பட்டியல்களையும் பார்வையிட மனுப் போட வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்ட வேலையாயின் 1998 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி அறிவிப்பு வந்ததா என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பதில் வராவிட்டால்

மனு கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அது மறுப்பாகவே கருதப்படும். காலம் கடந்து தரும் தகவலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. அதன்பின் 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு 19(1) ஆம் பிரிவின்கீழ் எழுத வேண்டும். அவர் 30 நாட்களுக்குள், காரணம் காட்டினால் 45 நாட்களுக்குள், முடிவு சொல்ல வேண்டும். அங்கும் பயனில்லையென்றால் 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம். ஆனால் ஆணையத்தில் முறை வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், நான் முதல் மேல்முறையீட்டிலேயே வேலையை முடிக்கப் பார்ப்பேன்: கேட்டவற்றுள் மிக முக்கியமான இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை விட்டுக்கொடுத்தால், பெரும்பாலும் அந்த இரண்டும் வந்துவிடுகின்றன.

கிடைத்ததை எங்கே வைப்பது என்பதற்கும் இடங்கள் உண்டு. மாநகராட்சி என்றால் வார்டு உறுப்பினர் கூட்டும் பகுதி சபை. ஊராட்சி என்றால் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபை. மாவட்ட அளவில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். மூன்றிலும் ஒரு பக்கத்துக்கு மேல் பேசாதீர்கள். இரண்டு பதிவேடுகள், இரண்டு எண்கள், இரண்டுக்கும் இடையேயான வேறுபாடு. அதற்கு எழுத்து மூலம் பதில் வேண்டும் என்ற ஒரு வரி. ஊழல் என்ற சொல்லை நீங்கள் சொல்ல வேண்டாம். சொன்ன மறுகணம் பேச்சு உங்களைப் பற்றியதாக மாறிவிடும்.

ஏப்ரல் முதல் வாரத்தில், ஆண்டு எண்ணை மட்டும் மாற்றி, அதே மனுவை அதே அலுவலகங்களுக்கு மீண்டும் அனுப்புங்கள். முந்தின மாதம் ‘சரண்டர்’ ஆன தொகையின் கோப்பு அப்போதுதான் மேசைமேல் இருக்கும், அலமாரிக்குப் போயிருக்காது. வில்லைகளை மார்ச்சிலேயே வாங்கிவைத்துவிடுவது நல்லது. விற்பனையாளரிடம் பத்து ரூபாய் வில்லை பல நாள் இருப்பதில்லை.